மேலாய்வுக்கு இடம் தேடுதல்

டாக்டர் பட்டத்துக்குரிய ஆய்வேட்டைப் பல்கலைக்கழகத்தில் ஒப்படைத்துவிட்டு, நான் கும்பகோணத்துக்குச் சென்றிருந்தேன். அது 1988ஆம் ஆண்டு. என் தாய்மாமன் திண்ணையில் அமர்ந்தபடி ஒரு கேள்வி கேட்டார்: "ஏனம்மா, இருக்கிற பட்டங்களுக்குள் பெரிய பட்டத்தையும் வாங்கியாகிவிட்டது. இனிமேலும் அமெரிக்காவுக்குப் போய் உபகாரச் சம்பளத்தில் இருக்கப் போகிறாய் என்கிறார்களே. அது என்ன உத்தியோகமா, படிப்பா?" அந்தக் கேள்விக்கு என்னால் உடனே விடை கூற இயலவில்லை. இரண்டுமன்று என்றும் சொல்லலாம். இரண்டும்தான் என்றும் சொல்லலாம். என் மாமன் சங்கீதத்தில் தோய்ந்தவர். ஆகையால் அவருக்குத் தெரிந்த உலகத்திலிருந்தே ஓர் உவமையை எடுத்துக் கூறினேன். குருவிடம் பல ஆண்டுகள் பாடம் கேட்டு முடித்த ஒருவர், தனிக் கச்சேரி செய்யத் தொடங்குமுன், வேறொரு பெரிய வித்துவானுக்குப் பின்னால் அமர்ந்து சில காலம் பின்பாட்டுப் பாடுகிறார் அல்லவா? அவர் இப்போது மாணவரல்லர். ஆயினும் மேடை அவருடையதன்று. தம் குருவிடம் இல்லாத சில நுட்பங்களை இந்த இரண்டாவது வித்துவானிடம் அவர் கற்கிறார். சபையோரும் அவர் குரலை அடையாளங்கண்டு கொள்கின்றனர். விஞ்ஞானத்தில் இந்தப் பின்பாட்டுக் காலத்துக்குப் பெயர்தான் 'போஸ்ட் டாக்டரல்' ஆராய்ச்சி. தமிழில் இதனை முனைவர்பட்ட மேலாய்வு என்கிறோம். சுருக்கமாக மேலாய்வு என்றே நான் குறிப்பிடுகிறேன்.

மருத்துவம் சார்ந்த உயிரியல் துறைகளில், அதாவது நோய், கிருமி, உயிரணு, மரபணு, மூளை முதலியவற்றை ஆராயும் துறைகளில், இந்த மேலாய்வு இன்று கிட்டத்தட்டக் கட்டாயமாகிவிட்டது. டாக்டர் பட்டம் பெற்ற கையோடு ஒருவர் பல்கலைக்கழகத்தில் சொந்த ஆராய்ச்சிசாலை அமைப்பது அருமையினும் அருமை. முன்பு அப்படியிருக்கவில்லை. அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் 1876இல் தொடங்கியபோது, ஆராய்ச்சியில் நாட்டமுள்ள இளைஞர்களுக்கு உபகாரச் சம்பளம் தரும் வழக்கம் அங்கே வேரூன்றியது. பின்னர் 1919இல், ராக்ஃபெல்லர் அறநிலையத்தின் பொருளுதவியைக் கொண்டு, அந்நாட்டின் தேசிய ஆராய்ச்சிக் குழு பௌதிகத்திலும் ரசாயனத்திலும் டாக்டர் பட்டம் பெற்றோருக்கு மேலாய்வுச் சம்பளம் அளிக்கத் தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் அது மருத்துவத்துக்கும் உயிரியலுக்கும் விரிந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்க அரசு ஆராய்ச்சிக்கென்று பெரும் பணம் ஒதுக்கிற்று. அதில் பெரும்பகுதி பெதஸ்டா நகரிலுள்ள தேசிய சுகாதார நிறுவனங்களின் வழியே பல்கலைக்கழகப் பேராசிரியர்களைச் சென்றடைந்தது. பணம் வந்தது; கை வேண்டியிருந்தது. தேர்ந்த கைகள் மேலாய்வாளர்களுடையவை. இவ்வாறு, சிலருக்குக் கிடைத்த பரிசாக இருந்த ஒன்று, பலரும் ஏறிக் கடக்கவேண்டிய படியாயிற்று.

இந்த இடங்களை எப்படித் தேடிப் பெறுவது என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். என் பேச்சைக் கேட்போரில் பலர் இன்னும் பள்ளியிலும் கல்லூரியிலும் இருப்பீர்கள். இவ்வளவு தூரத்துக் காரியம் நமக்கெதற்கு என்று நினைக்க வேண்டா. தூரத்துச் சாலை எப்படி வளைகிறது என்பதை முன்கூட்டியே அறிந்தவர் வண்டியைச் சீராக ஓட்டுவர். நான் அறியாமல் ஓட்டியவள். அதனால் பட்ட அடிகளையும் உள்ளது உள்ளபடி சொல்கிறேன்.

முதலில் ஒரு பெரிய தவறான எண்ணத்தை நீக்கிவிட வேண்டும். நம் நாட்டில் உத்தியோகம் என்றால் பத்திரிகையில் விளம்பரம் வரும், விண்ணப்பப் படிவம் இருக்கும், கடைசித் தேதி இருக்கும். மேலாய்வு இடங்களுக்கும் விளம்பரங்கள் உண்டு. 'நேச்சர்', 'சயன்ஸ்' ஆகிய சஞ்சிகைகளிலும், பல்கலைக்கழகங்களின் இணையப் பக்கங்களிலும் அவற்றைக் காணலாம். ஆனால் விளம்பரமே செய்யப்படாமல் நிரம்பும் இடங்கள் பல. ஒரு பேராசிரியருக்கு மானியம் கிடைத்திருக்கும், அல்லது கிடைக்கும் என்ற நம்பிக்கை இருக்கும். தகுந்த ஆள் வந்தால் எடுத்துக்கொள்ளலாம் என்று அவர் மனத்துக்குள் நினைத்திருப்பார். அவ்வேளையில் நல்ல கடிதமொன்று வந்து சேர்ந்தால் இடம் பிறக்கிறது. ஆகவே இத்துறையில் விண்ணப்பம் என்பது, பெரும்பாலும், முன்பின் அறியாத ஒரு விஞ்ஞானிக்கு நாம் எழுதும் கடிதமேயாகும்.

அந்தக் கடிதத்தை நான் எப்படி எழுதினேன் என்று கேட்டால் சிரிப்பீர்கள். காசநோய்க் கிருமி மனித உடலிலுள்ள விழுங்கணுக்களுக்குள் புகுந்து எப்படிப் பிழைத்துக்கொள்கிறது என்பது சென்னையில் என் ஆராய்ச்சிப் பொருளாக இருந்தது. விழுங்கணு என்பது உடலுக்குள் நுழையும் கிருமிகளை விழுங்கிச் செரித்துவிடும் காவற்காரன். மற்றக் கிருமிகள் அதனுள் மடிகின்றன. காசநோய்க் கிருமியோ விருந்தாளி போல் உள்ளே குடியிருக்கிறது. இந்த விந்தையை ஆராய்ந்த அமெரிக்கப் பேராசிரியர்களின் பெயர்களைச் சஞ்சிகைகளிலிருந்து திரட்டினேன். நாற்பது பெயர் சேர்ந்தன. ஒரே கடிதத்தை நாற்பது படிகள் தட்டச்சுச் செய்து, மேலே பெயரை மட்டும் மாற்றினேன். நான் கடின உழைப்பாளி, பல்கலைக்கழகத்தில் முதல் வகுப்பில் தேறியவள், உங்களுடைய புகழ்பெற்ற ஆராய்ச்சிசாலையில் பணிபுரியப் பெரிதும் விழைகிறேன் என்று எழுதியிருந்தேன். ஆகாயத் தபாலுக்கான செலவு என் மாத உதவித்தொகையில் கணிசமான பங்கை விழுங்கியது. வந்த மறுமொழிகள் நான்கு. நான்கும் இல்லையென்றே கூறின. ஆனால் ஒன்றில் மட்டும், அச்சடித்த வரிகளுக்குக் கீழே, பேராசிரியர் தம் கைப்பட ஒரு கேள்வி எழுதியிருந்தார். எங்கள் கட்டுரைகளில் நீங்கள் எதைப் படித்தீர்கள் என்பதே அது.

நான் வெட்கமுற்றேன். அவர் கட்டுரைகளின் தலைப்புகளைத் தவிர நான் எதையும் படித்திருக்கவில்லை.

அதன்பின் நாற்பது பெயர்களை ஐந்தாகக் குறைத்தேன். அவ்வைந்து பேர் வெளியிட்ட கட்டுரைகளை நூல்நிலையத்தில் அமர்ந்து இரண்டு மாதம் படித்தேன். படிக்கப் படிக்க ஒன்று புலப்பட்டது. அவர்களுள் ஒருவர், தம் சோதனைகள் எல்லாவற்றிலும், உலகெங்கும் ஆராய்ச்சிசாலைகளில் வளர்க்கப்படும் எச் 37 ஆர்வி என்ற ஒரே கிருமி வகையையே பயன்படுத்தியிருந்தார். ஆனால் சென்னை நோயாளிகளிடமிருந்து எடுக்கப்பட்ட காசநோய்க் கிருமிகளிற் பல, ஆங்கிலேய நோயாளிகளிடமிருந்து எடுத்த கிருமிகளைக் காட்டிலும் கினிப்பன்றிகளுக்குக் குறைந்த அளவு நோயையே உண்டாக்குகின்றன என்பது 1960களிலேயே கண்டறியப்பட்ட செய்தி. சென்னையில் இந்நோயை ஆராய்வோர் அனைவரும் அறிந்தது. அப்படியானால், விழுங்கணுவுக்குள் குடியிருக்கும் வித்தையிலும் இவ்விரு வகைக் கிருமிகளுக்குள் வேற்றுமை உண்டா? இந்த ஒரு கேள்வியையும், அதனைச் சோதிக்கச் செய்யக்கூடிய ஒரு பரிசோதனையையும், அதற்கு வேண்டிய எந்தெந்தச் செயல்முறைகளில் எனக்குப் பழக்கம் உண்டு என்பதையும் ஒரே பக்கத்தில் எழுதி அனுப்பினேன். கடின உழைப்பாளி என்ற சொல்லை எடுத்துவிட்டேன். பதினொரு வாரங் கழித்து மறுமொழி வந்தது. தமக்கும் அந்த ஐயம் உண்டென்றும், என் ஆய்வேட்டின் சுருக்கத்தை அனுப்புமாறும், என் வேலையை அறிந்த மூவரின் பெயர்களைக் கொடுக்குமாறும் அவர் கேட்டிருந்தார்.

இக்காலத்தில் கடிதம் ஒரு நொடியில் மின்னஞ்சலாய்ப் போய்விடுகிறது. நாற்பதுக்குப் பதில் நானூறு பேருக்கு அனுப்புவதும் எளிது. எளிதாயிருப்பதே தீங்கு. பேராசிரியர்களின் பெட்டியில் ஒரே வார்ப்பில் வார்த்த கடிதங்கள் மழையெனப் பெய்கின்றன. பிற்காலத்தில் நானே ஆராய்ச்சிசாலை நடத்தியபோது, வேறொருவரின் பெயர் விளிப்பில் இருக்க எனக்கு வந்து சேர்ந்த கடிதங்கள் உண்டு. அவற்றை எழுதியவர்கள் திறமையற்றவர்கள் என்று நான் கூறமாட்டேன். நானும் அதே பிழையைச் செய்தவள்தானே.

கடிதம் யாருக்கு எழுதுவது என்பதை எப்படித் தீர்மானிப்பது? புகழை மட்டும் பார்க்கலாகாது. மருத்துவ உயிரியற் கட்டுரைகளில் ஆசிரியர் பெயர்களின் வரிசைக்கு ஒரு பொருள் உண்டு என்பதைப் பலர் அறியார். வரிசையில் முதற் பெயர் பெரும்பாலும் அந்தச் சோதனைகளைத் தம் கையால் செய்தவருடையது. கடைசிப் பெயர் ஆராய்ச்சிசாலையின் தலைவருடையது. ஆகவே, ஒரு பேராசிரியர் கடைசிப் பெயராக நிற்கும் கட்டுரைகளைப் பத்தாண்டுக்கு எடுத்து வைத்துக்கொண்டு, அவற்றின் முதற்பெயர்களை எழுதிப் பாருங்கள். ஒரே பெயர் திரும்பத் திரும்ப வருகிறதா, அல்லது பலருடைய பெயர்கள் வருகின்றனவா? அவர்கள் இப்போது எங்கிருக்கிறார்கள்? தனி ஆராய்ச்சிசாலை அமைத்தார்களா, மருந்துக் கம்பெனிகளில் சேர்ந்தார்களா, அல்லது ஒரு கட்டுரையும் இன்றி மறைந்தார்களா? வித்துவானின் பின்பாட்டுக்காரர்கள் பிற்பாடு என்ன ஆனார்கள் என்று விசாரிப்பதைப் போன்றது இது. 1997 முதல் பொதுமக்கள் எவரும் கட்டணமின்றிப் பார்க்கத் திறந்துவிடப்பட்ட பப்மெட் என்ற கட்டுரைத் தொகுதியைக் கொண்டு, வீட்டிலிருந்தபடியே இந்த விசாரணையை ஒரு பிற்பகலில் முடித்துவிடலாம்.

அடுத்தது பணம். இதைக் கேட்க நம்மவர்க்கு நாக்கு எழுவதில்லை. எனக்கும் எழவில்லை, அதன் விளைவை நான் அனுபவித்தேன்.

மேலாய்வாளரின் சம்பளம் இரண்டு வழிகளில் வரும். பேராசிரியர் அரசிடமிருந்து பெற்ற ஆராய்ச்சி மானியத்திலிருந்து கொடுக்கலாம். அல்லது மேலாய்வாளரே தம் பெயரில் ஓர் உபகாரச் சம்பளத்தை வென்று கொண்டுவரலாம். முதல் வழியில் சம்பளத்தின் ஆயுள் மானியத்தின் ஆயுளைப் பொறுத்தது. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்கள் வழங்கும் முக்கிய மானியம் நான்கைந்து ஆண்டுகளுக்குரியது. முடிந்தபின் மீண்டும் போட்டியிட்டே அதைப் புதுப்பிக்க வேண்டும். நான் 1989 ஜனவரியில் அமெரிக்காவின் கிழக்குக் கரையிலுள்ள ஒரு பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தேன். என் கணவர் சென்னையில் பாங்கி உத்தியோகத்தில் இருந்தார். மூன்று வயதுக் குழந்தையை என் தாயாரிடம் விட்டுச் சென்றிருந்தேன். ஓராண்டில் அழைத்துக்கொள்வதாகத் திட்டம். வேலை நன்றாகவே நடந்தது. காசநோய்க் கிருமி இரண்டாகப் பிரிய ஏறக்குறைய இருபது மணி நேரம் எடுத்துக்கொள்ளும். தட்டில் அது திரளாகக் கண்ணுக்குத் தெரிய மூன்று நான்கு வாரங்களாகும். ஆகவே ஒரு சோதனையின் முடிவைக் காண்பதற்கே ஒரு மாதம் கடந்துவிடும். பதினான்கு மாதங்களில் நான் முடித்தவை மிகச் சிலவே. பதினைந்தாம் மாதத்தில் பேராசிரியர் என்னை அறைக்கு அழைத்து, மானியம் புதுப்பிக்கப்படவில்லை, இன்னும் நான்கு மாதங்களுக்கே சம்பளம் உண்டு என்றார். நான் சேரும்போதே அந்த மானியத்துக்கு ஒன்றரை ஆண்டு ஆயுள்தான் எஞ்சியிருந்ததென்பது அப்போதுதான் எனக்குத் தெரியவந்தது. அவர் மறைக்கவில்லை, நான் கேட்கவில்லை.

அயல்நாட்டார்க்கு இதில் இன்னொரு இக்கட்டு உண்டு. பரிமாற்ற ஆராய்ச்சியாளர் என்ற முறையில் கிடைக்கும் ஜே-1 விசா, நம்மை அழைத்த பல்கலைக்கழகத்தின் நியமனத்தோடு பிணைக்கப்பட்டது. நியமனம் போனால் அந்நாட்டில் தங்கும் உரிமையும் உடன் போகும். பாதி வளர்ந்த கிருமித் தட்டுகளை அங்கேயே விட்டுவிட்டு, ஒரு கட்டுரையும் இல்லாமல், ஊருக்குத் திரும்பும் நிலை. குழந்தைக்கு வாங்கிய விமானச் சீட்டைத் திருப்பிக் கொடுத்தேன். அந்த நான்கு மாதமும் நான் உறங்கிய உறக்கம் கொஞ்சம். அதே நடைபாதையின் கோடியில் வேறொரு ஆராய்ச்சிசாலை இருந்தது. அதிலிருந்த மேலாய்வாளர் ஒருவருக்கு விழுங்கணுக்களைப் பிரித்தெடுக்கும் முறையை நான் சில மாதங்களுக்கு முன் கற்றுக்கொடுத்திருந்தேன். அவர் தம் தலைவரிடம் என்னைப் பற்றிச் சொன்னார். அத்தலைவரின் மானியத்துக்கு மூன்றாண்டு மிச்சம் இருந்தது. முதற் பேராசிரியரும் கிருமி வகைகளை நான் எடுத்துச் செல்ல மனமுவந்து இசைந்தார். அதே பல்கலைக்கழகமாதலால் விசாவுக்கும் இடையூறு நேரவில்லை. அங்கே நான்கு ஆண்டுகள் பணிபுரிந்து 1994இல் திரும்பினேன். குழந்தை இரண்டாம் ஆண்டில் வந்து சேர்ந்தது. நல்வினைப் பயன் என்று என் தாயார் கூறினார். இருக்கலாம். ஆனால் நீங்கள் அதனை நம்பிக் கப்பலேறாதீர்கள்.

இப்போது நிலைமை கேட்போர்க்கு எளிதாகியிருக்கிறது. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்கள் தாம் வழங்கும் ஒவ்வொரு மானியத்தின் தலைப்பையும், தொகையையும், தொடங்கும் நாளையும், முடியும் நாளையும் ரிப்போர்ட்டர் என்ற பொதுப் பதிவேட்டில் வெளியிடுகின்றன. பேராசிரியர் பெயரைக் கொடுத்தால் எவரும் பார்க்கலாம். பார்த்தபின்னும் நேரிற் கேட்பதில் தவறில்லை. இந்த இடத்துக்கான பணம் எந்த மானியத்தைச் சார்ந்தது, அது எப்போது முடிகிறது, புதுப்பிக்கப்படாவிட்டால் என்ன ஏற்பாடு என்று மரியாதையுடன் கேட்பவரை நல்ல பேராசிரியர் வெறுக்கமாட்டார். வெறுப்பாரானால் அதுவும் ஒரு செய்திதான். மேலும், மானியம் இருக்கிறது என்பதாலேயே அது நிலைக்கும் என்று கொள்ள முடியாது. 2025இல் அமெரிக்க அரசு பல ஆராய்ச்சி மானியங்களை நடுவிலேயே நிறுத்தியதும், சில பல்கலைக்கழகங்கள் புதிய நியமனங்களை ஒத்திவைத்ததும் நீங்கள் செய்தியிற் கேட்டிருக்கலாம்.

சம்பளத்தின் அளவையும் சொல்லிவிடுகிறேன். தேசிய சுகாதார நிறுவனங்கள் வகுக்கும் அளவையே அந்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் பலவும் பின்பற்றுகின்றன. 2024ஆம் ஆண்டில், அனுபவமற்ற முதலாண்டு மேலாய்வாளர்க்கு அது ஆண்டுக்கு 61,008 டாலர். நம் ரூபாயாகப் பெருக்கிப் பார்த்து மயங்க வேண்டா; பாஸ்டனிலும் சான் பிரான்ஸிஸ்கோவிலும் வீட்டு வாடகையே அதில் பெரும்பகுதியைக் கேட்கும்.

சொந்தப் பெயரில் உபகாரச் சம்பளம் பெறும் இரண்டாவது வழி கடினமானது, ஆனால் சுதந்திரம் தருவது. அமெரிக்க அரசின் தனியாள் மேலாய்வுச் சம்பளங்களிற் சில அந்நாட்டுக் குடிகளுக்கும் நிலையாகக் குடியேறியவர்க்குமே உரியவை. அவற்றுக்கு நாம் விண்ணப்பித்துப் பயனில்லை. ஆனால் மேலாய்வினின்றும் தனி ஆராய்ச்சிக்குக் கடக்கப் பாலமாக 2006இல் ஏற்படுத்தப்பட்ட கே-99 என்னும் மானியத்துக்கு அயல்நாட்டாரும் போட்டியிடலாம். ஐரோப்பாவில், மேரி ஸ்கோடோவ்ஸ்கா கியூரி அம்மையாரின் பெயரால் ஐரோப்பிய ஒன்றியம் அளிக்கும் மேலாய்வுச் சம்பளத்தை எந்த நாட்டவரும் பெறலாம். அவர்கள் கேட்பது, போகப்போகும் நாட்டில் அண்மைக் காலத்தில் நெடுநாள் வசித்திருக்கக் கூடாது என்பது. மக்கள் இடம்பெயர்ந்து கற்கவேண்டும் என்பது அந்தத் திட்டத்தின் நோக்கம். நம் நாட்டிலும் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகம், ஹைதராபாத்திலுள்ள உயிரணு மற்றும் மூலக்கூற்று உயிரியல் மையம் போன்ற இடங்களில் மேலாய்வு செய்ய வாய்ப்புண்டு. வெளிநாடு போனால்தான் விஞ்ஞானி என்று எண்ணுவது பேதைமை. எல்லாவற்றுக்கும் பொதுவான ஒன்று, விண்ணப்பத்துக்கும் முடிவுக்கும் இடையே பல மாதம் செல்லும் என்பது. ஆகையால் ஆய்வேட்டை முடிப்பதற்கு ஓராண்டு முன்னரே தேடலைத் தொடங்கிவிட வேண்டும்.

மருத்துவ உயிரியலுக்கே உரிய ஒரு கணக்கையும் இங்கே கூறவேண்டும். இதைப் புத்தகங்கள் சொல்வதில்லை. பல ஆராய்ச்சிகள் சுண்டெலிகளைக் கொண்டு நடக்கின்றன. ஒரு மரபணுவை மாற்றிய சுண்டெலி இனத்தைப் பத்துத் தலைமுறை வேறோர் இனத்தோடு கலந்து தூய்மைப்படுத்திய பின்னரே முடிவுகளை நம்பலாம் என்பது பழைய விதி. சுண்டெலியின் கருக்காலம் ஏறக்குறைய மூன்று வாரம். பிறந்த குட்டி இனம்பெருக்கும் பருவத்தை எட்ட ஆறு முதல் எட்டு வாரம். ஒரு தலைமுறைக்குப் பத்து வாரம் என்று வைத்தால், பத்துத் தலைமுறைக்கு நூறு வாரம். அதாவது கிட்டத்தட்ட இரண்டாண்டு! குறுக்கு வழிகள் இப்போது உண்டு. நேராகவே மரபணுவைத் திருத்தும் முறைகள் வந்துள்ளன. ஆயினும் சுண்டெலி கருவுறும் காலத்தை எவராலும் குறைக்க முடிவதில்லை. இரண்டாண்டு நியமனத்தில் சேரும் ஒருவர், எலி இன்னும் உருவாகவே இல்லாத ஒரு திட்டத்தை ஏற்றால், எலி கைக்கு வரும் நாளில் நியமனம் முடிந்திருக்கும். ஆகவே, இத்திட்டத்துக்கு வேண்டிய எலிகள் இப்போதே கூண்டில் இருக்கின்றனவா என்று கேட்பது, சம்பளம் எவ்வளவு என்று கேட்பதைக் காட்டிலும் முக்கியமானது.

நேர்முகத் தேர்வு என்பது நம் ஊரிற் போல ஒரு மேசைக்கு முன் நின்று வினாக்களுக்கு விடையளிப்பதன்று. ஆராய்ச்சிசாலையார் அனைவரும் கூடியிருக்க, ஒரு மணி நேரம் நம் ஆராய்ச்சியைப் பற்றிப் பேச வேண்டும். இப்போது பெரும்பாலும் கணினித் திரை வழியே நடக்கிறது. பிறகு அங்குள்ளோர் ஒவ்வொருவராக நம்மோடு உரையாடுவர். தேர்வு இரு பக்கத்துக்கும் உரியது. தலைவர் இல்லாதபோது மற்றவர்களிடம் கேளுங்கள்: இருவருக்கு ஒரே கேள்வியைக் கொடுத்துப் போட்டியிட விடுகிறாரா? கட்டுரை எழுதி முடித்தால் திருத்தித் தர எவ்வளவு காலமாகிறது? இங்கிருந்து போகிறவர் தம் ஆராய்ச்சியின் ஒரு கிளையைத் தம்முடன் எடுத்துச் செல்லலாமா? கடைசிக் கேள்வியை அழுத்திச் சொல்கிறேன். பின்னாளில் தனி ஆராய்ச்சிசாலைக்கு விண்ணப்பிக்கும்போது, உங்களுடையது என்று எதைக் காட்டுவீர்கள் என்பது அதைப் பொறுத்தது.

சிபாரிசுக் கடிதங்களைப் பற்றி ஒரு சொல். நம்மவர்கள் துறைத்தலைவர், கல்லூரி முதல்வர் என்று பதவியைப் பார்த்துக் கேட்கிறார்கள். அவர்களும், இவர் ஒழுக்கமுள்ளவர், பெரியோரிடம் பணிவுள்ளவர் என்று எழுதித் தருகிறார்கள். அயல்நாட்டுப் பேராசிரியர் தேடுவது அதனை அன்று. இவருடைய சோதனை தோற்றபோது இவர் என்ன செய்தார் என்று நேரில் கண்டவர் எழுதும் பத்து வரிகள் போதும்.

இப்படித் தேடி இடம் பெற்றவர்களில் நீங்கள் பெயரறிந்த சிலர் உண்டு. ஹர் கோவிந்த் கொரானா 1948இல் லிவர்பூலில் டாக்டர் பட்டம் பெற்று, சூரிச் நகரில் பிரெலாக் என்ற ரசாயன அறிஞரிடம் ஏறக்குறைய ஓராண்டு, சேமித்த பணத்தைக் கொண்டே பணிபுரிந்தார். 1949இல் இந்தியா திரும்பி வேலை தேடினார்; கிடைக்கவில்லை. மீண்டும் இங்கிலாந்து சென்று, கேம்பிரிட்ஜில் டாட் என்பாருடன் 1952 வரை மேலாய்வு செய்தார். நியூக்ளிக் அமிலங்களில் அவர் மனம் பதிந்தது அங்கேதான். 1968இல் நோபெல் பரிசு பெற்றது அத்துறையிலேயே. ஹங்கேரி நாட்டுக் காட்டலின் கரிக்கோ, தம் நாட்டு ஆராய்ச்சி மையத்தில் பொருளுதவி நின்றுபோகவே, 1985இல் பிலடெல்பியாவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் மேலாய்வு இடம் பெற்றார். காரை விற்ற பணத்தைக் குழந்தையின் கரடிப் பொம்மைக்குள் தைத்து எடுத்துச் சென்றார்; ஏனெனில் அந்நாட்டிலிருந்து பணத்தை வெளியே கொண்டுசெல்லத் தடை இருந்தது. செய்தி ஆர்.என்.ஏ. பற்றிய ஆராய்ச்சிக்காக 2023இல் அவருக்கு நோபெல் பரிசு வழங்கப்பட்டது.

சிதம்பரத்தில் 1952இல் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணனின் கதை எனக்கு மிகவும் பிடித்தது. அவர் 1976இல் பௌதிகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். பின்பு மனம் உயிரியலின்பாற் சென்றது. டாக்டர் பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டே, கலிபோர்னியாவில் மீண்டும் மாணவராகச் சேர்ந்து உயிரியல் பயின்றார். ரைபோசோம் என்னும் புரத ஆலையை நியூட்ரான் கதிர்களால் ஆராய்வதைப் பற்றி 'சயண்டிபிக் அமெரிக்கன்' இதழில் வந்த கட்டுரையைப் படித்து, அதை எழுதியவர்களுள் ஒருவரான ஏங்கல்மனுக்குக் கடிதம் எழுதினார். முடிவில், கட்டுரையின் மற்றோர் ஆசிரியரான பீட்டர் மூரிடம், யேல் பல்கலைக்கழகத்தில், 1978இல் அவருக்கு இடம் கிடைத்தது. நான்கு ஆண்டு கழித்து ஏறத்தாழ ஐம்பது கல்லூரி, பல்கலைக்கழகங்களுக்கு ஆசிரியப் பணி வேண்டி விண்ணப்பித்தார், ஒன்றும் அமையவில்லை. தேசிய ஆராய்ச்சி நிலையங்களில் வேலை பார்த்தார். ரைபோசோமை மட்டும் அவர் விடவில்லை. 2009இல் நோபெல் பரிசு அதற்கே வந்தது.

இம்மூவரையும் நான் கூறியது, மேலாய்வு செய்தோர் எல்லாரும் பேராசிரியராவர் என்ற எண்ணத்தை விதைப்பதற்கன்று. மருத்துவ உயிரியலில் மேலாய்வு முடித்தவர்களுள் சிறுபான்மையினரே பல்கலைக்கழக ஆசிரியராகின்றனர். மற்றவர் மருந்து ஆராய்ச்சி, மருத்துவப் பரிசோதனை, விஞ்ஞானச் சஞ்சிகைகள், அரசாங்க ஆலோசனை என்று பல திசைகளில் செல்கின்றனர். என்னோடு ஒரே மேசையில் வேலை செய்த நால்வரில் ஆசிரியப் பணிக்கு வந்தவள் நான் ஒருத்தியே. மற்ற மூவரும் என்னைவிட நன்றாகவே வாழ்கின்றனர். ஆகவே ஐந்தாறு ஆண்டுகள் ஒரே படியில் நின்றுவிடாமல், இரண்டாம் ஆண்டு முடிவிலேயே அடுத்த படியைப் பற்றித் தலைவரிடம் பேசத் தொடங்குவது நலம்.

இறுதியாக, மாணவர் பலர் என்னிடம் கேட்கும் சிறிய கேள்வி ஒன்று: எழுதிய கடிதத்துக்கு மறுமொழி வராவிட்டால் என்ன செய்வது? மூன்று வாரம் பொறுத்திருந்து, முன் எழுதிய கடிதத்தை இணைத்து, இரண்டு வரியில் ஒரு முறை நினைவூட்டலாம். அதற்கும் மறுமொழி இல்லையேல் பட்டியலிலுள்ள அடுத்த பெயருக்குப் போய்விடுங்கள்; ஆனால் அவருடைய கட்டுரையைப் படித்த பிறகு.